இந்தத் தெருவில் எத்தனை செ.மீ.?

2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை. காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 94.6 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே அவ்வளவு கிடையாது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஒன்றின் மேல் மட்டும் அன்று சுமார் 88 ஆயிரம் லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கும். 12 ஆயிரம் லிட்டர் லாரிகள் ஏழு வந்து கொட்டினாலும் அந்தக் கணக்கு நிரம்பாது. பக்கத்தில் திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ.

இந்த எண்கள் தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடத் தொடங்கியபோது கெட்டது பெரும்பாலும் நடந்து முடிந்திருந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் முந்தைய இரவே ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் சுமார் 800 பயணிகள். அவர்களுக்கு ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாடு போட வேண்டியிருந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் தண்ணீர் புகுந்தது. தாமிரபரணிக் கரையில் பல ஊர்களுக்குச் சாலையே இல்லாமல் போனது.

பிறகு வழக்கமான சண்டை. எச்சரிக்கை போதவில்லை என்றது மாநில அரசு. சொல்ல வேண்டியதைச் சொன்னோம் என்றது வானிலை ஆய்வுத் துறை. இரு தரப்பும் பேசியது முன்னறிவிப்பைப் பற்றி. நாளை என்ன பெய்யும் என்ற கேள்வியைப் பற்றி. அந்த ஞாயிறு இரவு ஸ்டேஷன் மாஸ்டருக்கும், குளத்துக் கரையில் நின்ற நீர்வளத்துறை ஊழியருக்கும், துணை மின்நிலையத்தில் ஷிஃப்டில் இருந்தவருக்கும் தேவைப்பட்டது வேறு கேள்விக்கான பதில்: இங்கே, இதுவரை, எவ்வளவு பெய்திருக்கிறது? கடைசி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு?

சிவப்பு எச்சரிக்கை என்கிறோமே, அதன் கணக்கைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்றால் அது அதிகனமழை, நிறம் சிவப்பு. அதற்கு மேல் நிறம் இல்லை. 21 செ.மீ.யும் சிவப்புதான், 94 செ.மீ.யும் சிவப்புதான். முதலாவதில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். இரண்டாவதில் தெருவே இருக்காது. மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறம் பூசப்படும்போது கோவில்பட்டியும் காயல்பட்டினமும் ஒன்றாகிவிடுகின்றன. இதை முன்னறிவிப்பின் குறை என்று நான் சொல்லமாட்டேன். அதன் எல்லை அது. அந்த எல்லைக்கு அப்பால் களத்தில் நட்டுவைத்த கருவிதான் பேச வேண்டும்.

ரேடார் இருக்கிறதே என்று கேட்பீர்கள். காரைக்கால் ரேடாருக்கும் காயல்பட்டினத்துக்கும் நேர்க்கோட்டில் 300 கி.மீ.க்கு மேல். பூமி உருண்டை என்பதால் ரேடாரின் கதிர் போகப்போகத் தரையை விட்டு உயர்ந்துகொண்டே போகும். 250 கி.மீ. தொலைவில் அது ஏறக்குறைய ஆறு கி.மீ. உயரத்தில் இருக்கும். மேகத்தின் உச்சி தெரியும், அடியில் கொட்டுவது சரியாகத் தெரியாது. திருவனந்தபுரத்து ரேடார் கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. தென்மாவட்டங்களின் கிழக்குக் கரைக்கு அன்று இருந்த நிலைமை இதுதான்.

மழைமானியின் வயிற்றுக்குள்

அரசு அலுவலக வளாகங்களில் கம்பிவேலிக்குள் நிற்கும் பழைய மழைமானியைப் பார்த்திருப்பீர்கள். மேலே புனல், உள்ளே குடுவை. தினமும் காலை எட்டரைக்கு ஊழியர் வந்து, தேங்கிய நீரை அளவுகோப்பையில் ஊற்றிப் பார்த்து, நோட்டில் எழுதி, மேலிடத்துக்குச் சொல்வார். நூறாண்டுக்கும் மேலாக நம் மழைக் கணக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது. நம்பகமான முறை, குறை சொல்ல முடியாது. ஆனால் முந்தைய நாள் காலை எட்டரைக்கும் இன்று காலை எட்டரைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று குடுவைக்குச் சொல்லத் தெரியாது. 10 செ.மீ. மழை நாள் முழுக்கத் தூறினால் குளத்துக்கு நல்லது. அதுவே ஒரு மணி நேரத்தில் கொட்டினால் சுரங்கப்பாதையில் பேருந்து மூழ்கும். குடுவைக்கு இரண்டும் ஒன்று. 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 94.6 செ.மீ. மழை என்றால் உள்ளே சேரும் தண்ணீர் கிட்டத்தட்ட 19 லிட்டர். நடுராத்திரியில் யாராவது போய் அளந்து காலி செய்துவைத்தால்தான் காலையில் கணக்கு நிற்கும்.

தானியங்கி மழைமானி இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது. புனலுக்குக் கீழே தராசுத் தட்டு மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள், நடுவில் ஓர் அச்சு. ஒரு கிண்ணத்தில் 0.2 அல்லது 0.5 மி.மீ. மழைக்கான நீர் சேர்ந்ததும் அது சாய்ந்து கொட்டிவிடும். மற்றது புனலுக்கு நேரே வந்து நிற்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் சின்ன சுவிட்ச் ஒன்றைத் தட்டும். எத்தனை தட்டு, எந்த நேரத்தில் என்பதை எண்ணி, செல்போன் சிம் வழியாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பிவிடும். சோலார் தகடும் பேட்டரியும் கூடவே உண்டு. கரண்ட் போனாலும் கருவி பேசும்.

எளிய கருவிதான், ஆனால் சீக்கு பிடிக்கும். புனலுக்குள் வேப்பிலை விழும், காக்கை எச்சமிடும், சிலந்தி கூடு கட்டும், எறும்பு மண் சேர்க்கும். அடைத்துக்கொண்ட மானி, ஊரே மிதக்கும்போது பூஜ்யம் காட்டும். மறுநாள் வெயில் அடிக்கும்போது தேங்கிய நீர் சொட்டுச் சொட்டாக இறங்க, தூறல் பெய்வதாகச் சொல்லும். பெருமழையிலோ, கிண்ணம் சாயும் அந்த ஒரு நொடியில் விழும் நீர் கணக்கில் வராமல் போவதால், உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். காற்றுவேகமானிக்கு இன்னும் கெடுபிடி. திறந்த வெளியில், பத்து மீட்டர் உயரத்தில், சுற்றியுள்ள கட்டடம் மரங்களிலிருந்து அவற்றின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தள்ளி வைக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் விதி. நம் தாலுகா ஆபீஸ் வளாகங்களில் அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பாருங்கள்! இடம் கிடைக்கவில்லை என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நட்ட காற்றுவேகமானி, தொட்டி மறைத்தது போக மிச்சக் காற்றைத்தான் அளக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு, படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம். புனலைத் துடைப்பது மாதாமாதம் ஆகும் செலவு, அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது.

பாம்பனில் சிக்னல் தானே விழும்

கருவி ஒழுங்காக அளக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை வைத்து யார் என்ன செய்ய வேண்டும்? என் பார்வையில் மொத்த விஷயமும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. இதற்கு மிக நல்ல பதில் நம்மிடமே இருந்தது, பாம்பன் பழைய ரயில் பாலத்தில்.

அந்தப் பாலத்தில் காற்றுவேகமானி ஒன்று வைத்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும். ரயில் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். ஸ்டேஷன் மாஸ்டர் டிவிஷன் ஆபீசுக்குப் போன் போட்டு அனுமதி கேட்க வேண்டியதில்லை. டிரைவர் தன் அனுபவத்தை வைத்துத் துணிய வேண்டியதில்லை. ராமேஸ்வரத்துக்குப் போகிற பெரிய மனிதர் எவரும் அதட்டி வண்டியை எடுக்கச் சொல்லவும் முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலை நூறுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடல் கொண்டுபோன பகுதி அது. அங்கே எண்ணுக்கும் செயலுக்கும் நடுவில் மனிதத் தயக்கத்துக்கு இடம் வைக்காதது புத்திசாலித்தனம்.

முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் சுழலும் காற்றாலைகளும் அப்படியே. ஒவ்வொன்றின் தலையிலும் காற்றுவேகமானி உண்டு. காற்று நொடிக்கு 25 மீட்டரை ஒட்டிப் போனால் பெரும்பாலான ஆலைகள் இறக்கைகளைத் திருப்பிக்கொண்டு தாமே நின்றுவிடும். யாரையும் கேட்காது.

எல்லா இடத்திலும் எந்திரத்திடம் முடிவை விட்டுவிட முடியாது என்பது உண்மை. அணையின் மதகைத் தானியங்கியாகத் திறந்தால் கீழே ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பவர் கதி என்ன? ஊருக்கே மின்சாரத்தை நிறுத்தினால் வீட்டில் ஆக்சிஜன் எந்திரத்தோடு படுத்திருப்பவர் கதி என்ன? ஆனால் எந்த எண்ணில் யார் விழித்துக்கொள்ள வேண்டும், எந்த எண்ணில் யார் செயலில் இறங்க வேண்டும் என்பதையாவது முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இதை எரிந்து கற்றுக்கொண்ட ஓர் ஊர் அமெரிக்காவில் இருக்கிறது.

சான் டியாகோ கற்ற பாடம்

கலிஃபோர்னியாவின் தென்கோடியில் சான் டியாகோ. இலையுதிர் காலத்தில் பாலைவனப் பக்கமிருந்து மலைக் கணவாய்கள் வழியாகக் கடலை நோக்கி ஒரு வறண்ட காற்று இறங்கும். சான்டா ஆனா காற்று என்பார்கள். நம் ஆரல்வாய்மொழிக் காற்று போலக் கணவாயில் குவிந்து வேகம் பிடிக்கும், ஆனால் இதில் ஈரம் துளியும் இராது. 2007 அக்டோபரில் அந்தக் காற்றில் மின்கம்பிகள் ஆடிப் பொறி பறந்து, விட்ச் க்ரீக் என்ற இடத்தில் தொடங்கிய தீயும் அதோடு சேர்ந்த தீகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கின. சான் டியாகோ கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மின்பாதைகள்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்தத் தீயால் வந்த செலவில் 37.9 கோடி டாலரை வாடிக்கையாளர்களின் மின்கட்டணத்தில் சேர்த்து வசூலிக்க நிறுவனம் அனுமதி கேட்டது. 2017-ல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் முடியாது என்றது. இந்த மறுப்பை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் ஊரில் நஷ்டம் எப்போதும் கட்டணத்தில்தான் வந்து இறங்கும்.

தீக்குப் பிறகு அந்த நிறுவனம் செய்தது, மின்நிறுவனங்கள் வழக்கமாகச் செய்யாத வேலை. வானிலை வல்லுநர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. தன் மின்கம்பங்களின் மேலேயே வானிலை நிலையங்களைப் பொருத்தியது. இப்போது 220-ஐ ஒட்டிய எண்ணிக்கை. காற்று, வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். நிறுவனத்தின் பரப்பு சுமார் 10,600 சதுர கி.மீ. அதாவது சராசரியாக 48 சதுர கி.மீ.க்கு ஒரு நிலையம், அதுவும் காற்று அதிகம் புகும் மலைப்பகுதிகளில் நெருக்கமாக.

எண்ணிக்கையைவிட முக்கியம், ஒவ்வொரு மின்பாதைத் துண்டையும் அருகிலுள்ள நிலையத்தோடு கட்டிப்போட்டது. இந்த நிலையத்தில் காற்று இந்த வேகத்தைத் தாண்டி, புல்லும் புதரும் இவ்வளவு காய்ந்திருந்தால், இந்த சுவிட்சிலிருந்து அந்த சுவிட்ச் வரை மட்டும் மின்சாரம் நிறுத்தப்படும். மலைக்கு அந்தப் பக்கம் காற்று இல்லையா, அங்கே விளக்கு எரியும். காற்று தணிந்ததும் உடனே சுவிட்சைப் போட்டுவிடமாட்டார்கள். லைன்மேன்கள் பாதை முழுக்க நடந்தோ ஹெலிகாப்டரில் பறந்தோ, அறுந்த கம்பி, சாய்ந்த கிளை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மின்சாரம் வரும்.

இதே மாநிலத்தின் வடக்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் பிஜி அண்ட் இ நிறுவனம், பலத்த காற்று வருகிறது, மின்சாரத்தை நிறுத்தக்கூடும் என்று முன்கூட்டி அறிவித்தது. பிறகு நிறுத்தவில்லை. நவம்பர் 8 அதிகாலை, ஏறக்குறைய நூறு வயதான ஒரு உயரழுத்தக் கோபுரத்தில் தேய்ந்துபோன கொக்கி ஒன்று முறிந்து கம்பி விழுந்தது. பாரடைஸ் என்ற ஊர் சில மணி நேரத்தில் இல்லாமல் போயிற்று. 85 பேர் இறந்தார்கள். அன்று நிறுத்துவதாகப் பேசப்பட்ட பட்டியலில் அந்தப் பாதை இடம்பெறவே இல்லை. 2020-ல் 84 மரணங்களுக்கு நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இதற்கிடையே, தீக்கு அடுத்த ஆண்டு, 2019 அக்டோபரில், நிறுவனம் மறுகோடிக்குப் போய், ஒரே வீச்சில் லட்சக்கணக்கான இணைப்புகளை நிறுத்தியது. தகவல் பார்க்கப் போன மக்களின் கூட்டத்தில் அதன் இணையதளமே படுத்துவிட்டது. எங்கே காற்று அடிக்கிறது என்று நுணுக்கமாகத் தெரியாதவர் மொத்தமாகத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். இன்று அந்த நிறுவனமும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வைத்திருக்கிறது. ஹவாயின் லஹைனாவில் 2023 ஆகஸ்ட் 8 அன்று நூறு பேருக்கு மேல் தீயில் இறந்தபோது, அங்கிருந்த மின்நிறுவனத்திடம் காற்றுக்காக மின்சாரத்தை நிறுத்தும் திட்டமே கிடையாது. அடுத்த ஆண்டுதான் வந்தது.

நம் மின்வாரியத்துக்கு மழை புதிதல்ல

இந்த இடத்தில் நம் மின்வாரியத்துக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே மின்சாரத்துக்கு மழைக் கணக்கு வேண்டும். நீலகிரியில் அவலாஞ்சி, அப்பர் பவானி, எமரால்டு என்று வானிலை அறிக்கையில் நாம் படிக்கும் பெயர்கள் பலவும் நீர்மின் அணைகளின் பெயர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. என்று செய்தி வந்ததே, ஆள் நடமாட்டம் குறைந்த அந்த மலையில் அணை இருந்ததால்தான் அளப்பதற்கு ஆளும் இருந்தார்.

ஆனால் தண்ணீரில் காட்டிய அக்கறை கம்பியில் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவில் சில கிராமங்களுக்கு வாரக்கணக்கில் வெளிச்சம் இல்லை. எந்த ஒன்றியத்தில் காற்று எந்த வேகத்தைத் தொட்டது என்ற விவரம் கையில் இருந்தால் கம்பம், கிரேன், ஆட்கள் மூன்றையும் முதலில் எங்கே அனுப்புவது என்று விடியும் முன்பே முடிவு செய்யலாம். இல்லாவிட்டால், யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அந்த ஊருக்குத்தான் லாரி முதலில் போகும்.

வெள்ளத்திலும் இதே கதை. தண்ணீர் தேங்கிய தெருவில் பில்லர் பாக்ஸ் மூழ்கும் முன் ஃபீடரை நிறுத்த வேண்டும். முன்னாலேயே நிறுத்தினால் ஜனங்கள் திட்டுவார்கள், தாமதித்தால் ஷாக் அடித்து ஒருவர் சாவார். இந்த முடிவை இன்று எடுப்பவர் பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளர், கைபேசியில் வரும் புகார்களையும் ஜன்னல் வழியே தெரியும் மழையையும் வைத்து. அவர் மேசையில் தன் பகுதியின் கடைசி ஒரு மணி நேர மழை ஓர் எண்ணாக இருந்தால், திட்டுபவருக்கும் அவர் பதில் சொல்லலாம், மேலதிகாரிக்கும் பதில் சொல்லலாம்.

செம்பரம்பாக்கத்தைத் தொடாமல் போக முடியாது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் ஏரியைச் சுற்றி 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. வெளியேற்றம் அதிகபட்சம் விநாடிக்கு 29,000 கனஅடி. அடையாற்றின் இரு கரையும் மூழ்கியது. யார் எப்போது திறக்க உத்தரவு கொடுத்தார்கள் என்பது பற்றி இன்றுவரை அரசியல் ஓய்ந்தபாடில்லை. எனக்கோ அதைவிட முக்கியமாகப் படுவது, மதகடியில் நிற்கும் பொறியாளருக்கு மேலே உள்ள சிற்றேரிகளில் என்ன நடக்கிறது என்று மணிக்கு மணி தெரிந்ததா என்பது. ஏரியின் அளவுகோலைப் பார்த்துத் திறப்பவர் வந்துவிட்ட தண்ணீரைப் பார்க்கிறார். மேலே உள்ள மழைமானியைப் பார்ப்பவர் வரப்போகும் தண்ணீரைப் பார்க்கிறார். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் சைதாப்பேட்டையிலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் கட்டில் மேல் பாத்திரத்தை ஏற்றிவிட்டு ஆட்களை வெளியே கூட்டிவர முடியும்.

காற்று திரும்பினால்

தீயணைப்புக்கும் விஷவாயுக் கசிவுக்கும் மழை பெரிதில்லை, காற்றின் திசைதான் பெரிது. 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலையில் இடிமேகம் ஒன்றிலிருந்து இறங்கிய காற்று தீயின் போக்கையே திருப்பிவிட்டது. தேர்ந்த தீயணைப்பு வீரர்கள் 19 பேர் ஒரே இடத்தில் இறந்தார்கள். அமெரிக்காவில் பெரிய காட்டுத்தீ என்றால் அரசு வானிலை வல்லுநர் ஒருவரே முகாமுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார். எடுத்துச் செல்லத்தக்க நிலையங்களை மலைச்சரிவில் நடுகிறார்கள். வீரர்கள் கையடக்கக் கருவியில் ஈரப்பதத்தையும் காற்றையும் அடிக்கடி அளந்து வயர்லெஸ்ஸில் சொல்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று நம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் ஏறிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அங்கே அன்று மலையேறிகளை அனுப்பலாமா என்று தீர்மானிக்க ஈரப்பதம், காற்று என்ற இரண்டு எண்கள் போதுமானவை.

எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது? காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும், காற்றோடு ஓடினால் வாயுவும் கூட வரும். இதை அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் சொல்ல, காற்றின் திசை சொல்லப் போகிறவர் கையில் இருக்க வேண்டும். கல்பாக்கம் அணுமின் வளாகத்தில் இதற்காகவே வானிலைக் கோபுரம் இருக்கிறது. எண்ணூர் ஆலைகளின் வேலிக்கு உள்ளே இருக்கும் காற்றுமானி, வேலிக்கு வெளியே இருக்கும் மீனவக் குப்பத்துக்கும் பேச வேண்டும்.

எண் தெரிந்தும்

வயநாட்டைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். கல்பற்றாவில் ஹியூம் மையம் என்ற சூழலியல் அமைப்பு, மாவட்டம் முழுக்க இருநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மழை அளக்கும் வலைப்பின்னலை நடத்துகிறது. அளப்பவர்கள் விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும் உள்ளூர்க்காரர்களும். 2019-ல் புத்துமலை சரிந்து 17 பேர் இறந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. எத்தனை மழை சேர்ந்தால் அந்தச் சரிவு தாங்காது என்று ஒரு வரம்பும் வைத்திருந்தார்கள்: 600 மி.மீ.

2024 ஜூலை 29 காலை புத்துமலைப் பகுதியின் எண்கள் அந்த வரம்பை நோக்கி ஏறுவதைப் பார்த்து, மையம் மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாகப் பிறகு செய்திகள் வந்தன. அன்று அதிகாரபூர்வ எச்சரிக்கையின் நிறம் ஆரஞ்சு, அதாவது 20.4 செ.மீ.க்கு உட்பட்ட மழை. பெய்ததோ 48 மணி நேரத்தில் 57.2 செ.மீ. சில குடும்பங்கள் முகாமுக்குப் போயிருந்தன. பெரும்பாலோர் போகவில்லை. ஜூலை 30 பின்னிரவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. இறந்தவர்கள் இருநூற்றைம்பதுக்கும் மேல்.

அங்கே கருவி இருந்தது, அளக்க ஆள் இருந்தது, வரம்பு இருந்தது, எச்சரிக்கையும் போனது. அந்த எண்ணைப் பார்த்ததும் ஊரைக் காலிசெய் என்று உத்தரவிடும் கடமை இன்னாருடையது என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. தன்னார்வ அமைப்பு ஒன்று சொன்னதை நம்பி ஒரு ஊரையே நள்ளிரவில் கிளப்பி, பிறகு மலை சரியாவிட்டால் யார் பதில் சொல்வது? எந்த அதிகாரிக்கும் வரும் தயக்கம் அது. அந்தத் தயக்கத்தை ஒரு தனி மனிதரின் தலையில் சுமத்தாமல், விதியாக எழுதி வைப்பதுதான் அரசின் வேலை.

தமிழ்நாடு அண்மை ஆண்டுகளில் சொந்தச் செலவில் 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் நிறுவும் திட்டத்தை எடுத்தது. நல்ல காரியம், தயங்காமல் பாராட்டலாம். மாநிலப் பரப்பை வகுத்துப் பார்த்தால் சுமார் 93 சதுர கி.மீ.க்கு ஒரு மழைமானி. மழைக்கு இது மோசமில்லை. காற்றுக்கு அந்த நூறு நிலையங்கள் போதவே போதாது. இவை தவிர வானிலைத் துறையின் நிலையங்கள் தனி, வேளாண் பல்கலைக்கழகம் பல ஒன்றியங்களில் வைத்த நிலையங்கள் தனி, நீர்வளத்துறை தனி, மின்வாரியம் தனி, காற்றாலைக்காரர்கள் தனி. ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு திரை. உதவிப் பொறியாளருக்கும் தீயணைப்பு நிலைய அலுவலருக்கும் இவையெல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும். சாமானியரும் பார்க்கும்படி அது பொதுவில் இருக்க வேண்டும். மழை எண்களைத் தேடித்தேடிப் படித்துச் சொன்ன ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்றவர்களுக்கு லட்சக்கணக்கில் வாசகர்கள் சேர்ந்ததிலிருந்தே தெரியவில்லையா, ஜனங்களுக்கு எண் வேண்டும் என்று?

அக்டோபர் 2 கிராமசபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: நமக்கு மிக அருகில் உள்ள தானியங்கி மழைமானி எங்கே இருக்கிறது, அதன் புனலைக் கடைசியாகச் சுத்தம் செய்தது எப்போது, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. தாண்டினால் குளத்தின் மதகைத் திறப்பவர் யார், ஃபீடரை நிறுத்துபவர் யார், ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறவர் யார். பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அதுவரை, மழை வலுத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070.